அப்பாவின் மொட்டை மாடி நடையும் கோயில் திடல் கும்மியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அப்பாவுக்கு 71 வயது. அம்மா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மொட்டை மாடியில் நடக்கிறார். மற்ற நேரமெல்லாம் டிவி. ஊர்க்கோயில் திடலில் வள்ளி கும்மி பழகுகிறார்கள், பக்கத்துத் தெருவில் பெரியவர்கள் சிலர் ஷட்டில் ஆடுகிறார்கள். அங்கெல்லாம் அனுப்பலாமா, இந்த வயதில் விழுந்து எலும்பை முறித்துக்கொள்வாரா? நடைதான் இருக்கிறதே, அது போதாதா?

அனுப்புங்கள். நடை மட்டும் போதாது. கோவைப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக முதியவர்களுக்கு ஃபிசியோதெரபி செய்து வருகிறேன். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களை முதல்முறை எழுப்பி நிறுத்துவது என் வேலையில் பெரும்பங்கு. அவர்களில் பலர் தினமும் வாக்கிங் போனவர்கள். அதனால் ஏன் போதாது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மிதமான என்றால், நடக்கும்போது பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது, அந்த வேகம். உங்கள் அப்பா அந்த வேகத்தில் நடக்கிறார் என்றால் வாரத்துக்கு 420 நிமிடம் ஆகிறது. இதயத்துக்கும் சுகருக்கும் அது நிச்சயம் நல்லது, நிறுத்த வேண்டாம். ஆனால் அதே வழிகாட்டுதலில் இன்னும் இரண்டு வரிகள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி செய்ய வேண்டும். 65 வயது தாண்டியவர்கள் மூன்று நாளாவது சமநிலையையும் வலுவையும் சேர்த்துப் பழக வேண்டும். நம் வீடுகளில் இந்த இரண்டும் காதில் விழுவதே இல்லை. டாக்டர் "வாக்கிங் போங்க" என்றார், போகிறோம், அத்தோடு சரி.

பெரியவர்கள் எப்போது விழுகிறார்கள் என்று பாருங்கள். ஈரமான பாத்ரூமில் பக்கவாட்டில் நகரும்போது. பின்னாலிருந்து யாரோ கூப்பிட, சட்டென்று திரும்பும்போது. கையில் காபி டம்ளரோடு வாசற்படி இறங்கும்போது. இராத்திரி எழுந்து அரைத் தூக்கத்தில் ஸ்விட்சைத் தேடும்போது. நேராக, சமதளத்தில், பழகிய வழியில் நடக்கும்போது விழுகிறவர்கள் குறைவு. மொட்டை மாடி அவருக்குக் கொடுப்பது அந்த நேர்நடையை மட்டுமே. மாநகராட்சிப் பூங்காக்களில் போட்டிருக்கும் எட்டு வடிவப் பாதையில் நடந்தாலாவது வளைந்து திரும்பும் வேலை கொஞ்சம் இருக்கும்.

இன்னொரு விஷயம். வயதாக ஆக எல்லாத் தசைநார்களும் மெலிகின்றன என்றாலும், சட்டென்று சுருங்கும் வேக நார்கள்தான் அதிகமாக மெலிகின்றன. கால் தடுக்கும்போது நம்மைக் காப்பாற்றுவது அரை நொடிக்குள் முன்னால் எடுத்து வைக்கும் ஒரே ஓர் எட்டு. அந்த எட்டை எடுக்கும் நார்களுக்கு மெதுவான நடை எந்த வேலையும் தருவதில்லை. அப்புறம், மூளை. நடந்துகொண்டே இருக்கும்போது உங்கள் அப்பாவிடம் நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறாரா என்று கவனியுங்கள். நின்றால், நடைக்கே அவருடைய கவனம் பெரும்பாலும் செலவாகிறது என்று பொருள். கவனம் சிதறும் இடத்தில் தள்ளாட்டம் வரும்.

இப்போது கும்மிக்கு வருகிறேன். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகப் பாடி, வட்டமாகவோ வரிசையாகவோ நின்று ஆடும் இந்த ஆட்டம் கொங்குப் பகுதியில் நெடுங்காலமாக ஆண்கள் மட்டும் ஆடியது. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன், பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவர். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது வயது 87. அந்த வயதில் ஒருவர் கும்மி வாத்தியாராக இருக்க முடிகிறது என்பதே உங்கள் பயத்துக்குப் பாதி பதில். இன்று கோவை, திருப்பூர், ஈரோடு ஊர்களில் பள்ளிப் பிள்ளைகள் முதல் பேரன் பேத்தி எடுத்தவர்கள் வரை ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வேலை முடித்து வந்து இரவில் பழகுகிறார்கள். பாட்டும் அடவும் தேறிய பிறகு ஊர் முன்னிலையில் அரங்கேற்றம்.

என்னிடம் மூட்டுவலிக்கு வந்த ஓர் அம்மா, 66 வயது, பதினைந்து வருட சுகர், "கும்மிக்குப் போகலாங்களா?" என்று கேட்டார். ஒரு நாள் நானே போய்ப் பார்த்தேன். வரிசையின் ஓரத்தில் நின்றிருந்தார். வாத்தியார் மைக்கில் ஓர் அடியைப் பாடுகிறார்; வலது காலை முன்னால் வைத்துக் குனிந்து கைதட்டி, நிமிர்ந்து பின்னால் வந்து, அரைச் சுற்றுத் திரும்பி மறுபடி தட்ட வேண்டும். அந்த அம்மா எல்லோருக்கும் அரைத் தாளம் பின்னால் வந்தார். திரும்பும்போது இடது குதிகால் தரையை விட்டு எழவே இல்லை, பாதம் முழுக்க மண்ணைத் தேய்த்துக்கொண்டே திரும்பியது. பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயதுப் பெண் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் "அப்பத்தா, இப்பொ" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து வாரம் கழித்து மறுபடி போனேன். குதிகால் எழுந்தது. பக்கத்துப் பெண் எதுவும் சொல்லவில்லை. மூட்டுவலி போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்தார். நான் க்ளினிக்கில் மூன்று மாதம் கெஞ்சியும் அவர் வீட்டில் செய்யாத பயிற்சி, அங்கே ஒரே மாலையில் நூறு முறைக்கு மேல் நடந்துவிடுகிறது.

ஒரு தொழில்காரனாக அந்த ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் எனக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு காலில் எடை மாற்றுவது, பக்கவாட்டு எட்டு, பின்னெட்டு, குனிந்து நிமிர்வது, திரும்புவது. இதோடு பாட்டின் அடியை நினைவில் வைப்பது, தாளத்துக்குக் காத்திருப்பது, பக்கத்து ஆளை இடிக்காமல் இடம் பார்ப்பது. நூறிலிருந்து மூன்றைக் குறைக்கச் சொன்னேனே, அதைவிடக் கடினமான கணக்கு இது. ஆனால் யாருக்கும் பரீட்சை மாதிரித் தெரிவதில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்றும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், கூட்டிச் சொல்லாமல் சொல்கிறேன். நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2003இல் வெளியானது. படிப்பது, பலகை விளையாட்டு, வாத்தியம் வாசிப்பது ஆகியவற்றில் அடிக்கடி ஈடுபட்டவர்களுக்கு மறதிநோய் குறைவாக வந்தது. உடலை அசைக்கும் பழக்கங்களில் அப்படித் தெரிந்தது நடனம் ஒன்றுதான். கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 ஆண்டுகள் வரை கவனித்த ஆய்வு 2018இல் வந்தது. உடலுழைப்பே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்கள் 9.7 ஆண்டும், பேட்மின்டன் ஆடியவர்கள் 6.2 ஆண்டும், நீந்தியவர்கள் 3.4 ஆண்டும், மெதுவோட்டம் ஓடியவர்கள் 3.2 ஆண்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள். எதிரே ஓர் ஆள் இல்லாமல் ஆட முடியாத ஆட்டங்கள் மேலே நிற்கின்றன, பாருங்கள்.

ஆனால் இதை வைத்து "ஷட்டில் ஆடினால் ஆறு வருடம் கூடும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே உடம்பு நன்றாக இருக்கிறவர்கள், வசதி உள்ளவர்கள்தான் டென்னிஸ் ஆடப் போவார்கள். அவர்கள் எப்படியும் கூடுதல் நாள் வாழ்ந்திருக்கலாம். இன்னும் நேராகச் சொல்கிறேன்: விழுவதைத் தடுக்க எந்தப் பயிற்சி உதவுகிறது என்று 108 சோதனைகளைத் திரட்டி 2019இல் ஒரு பெரிய மீளாய்வு வந்தது. சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுதல் போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியும் விழும் எண்ணிக்கையை ஏறத்தாழ கால் பங்கு குறைத்தன. வெறும் நடைக்கும் நடனத்துக்கும் அப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆகவே கும்மிக்குப் போகிறார் என்பதற்காக நான் கடைசியில் சொல்லப்போகும் நாற்காலிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் நான் ஏன் இவ்வளவு அழுத்தமாக அனுப்பச் சொல்கிறேன்? உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்காக. அம்மா தவறி ஒன்றரை வருடம்.

துணையை இழந்த ஆண்கள் எப்படி ஒடுங்குகிறார்கள் என்று இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் கல்யாணம், காதுகுத்து, சொந்தபந்தம், கோயில் என்று வெளி உலகத்தோடு தொடர்பு வைத்திருந்தது பெரும்பாலும் அம்மாதான். அப்பாவுக்கு ஆபீஸ் இருந்தது. ரிட்டையர் ஆனதும் அது போனது. அம்மா போனதும் மிச்சமும் போகிறது. அதற்குப் பிறகு அவர் எங்கேயும் போகாவிட்டால் "ஏன் வரவில்லை?" என்று கேட்க யாரும் இல்லை. மொட்டை மாடி ஒரு நாளும் கேட்காது. கும்மித் திடலிலோ ஷட்டில் மைதானத்திலோ, "ஏனுங்க மாமா, நேத்து ஆளைக் காணோம்?" என்று ஒரு குரல் வரும். நாலு பேர் இருந்தால்தான் இரட்டையர் ஆட்டம் நடக்கும், அவர் வராவிட்டால் மூன்று பேர் வெறுமனே நிற்க வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுந்து முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப இதைவிட வலுவான காரணத்தை எந்த டாக்டரும் எழுதித் தர முடியாது.

மறதிநோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல் தந்த அறிக்கையில், சரிசெய்யக்கூடிய 14 காரணங்களைக் கையாண்டால் உலகில் வரும் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ வழி உண்டு என்று கணக்கிட்டார்கள். உடலுழைப்பின்மை, தனிமை, மனச்சோர்வு, காது மந்தம், சரிசெய்யாத பார்வைக் குறை ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இந்த ஐந்தையும் உங்கள் அப்பாவை மனதில் வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கூட்டத்துக்கு வர மறுப்பதற்கு மூட்டுவலியைக் காரணம் சொல்வார்கள். பல நேரம் உண்மைக் காரணம் காது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் புரியவில்லை, தப்பாகப் பதில் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் வரவே வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். டிவி சத்தம் போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா? இருந்தால் முதலில் காது டாக்டர். வெறும் குறும்பி அடைத்திருந்தால் பத்து நிமிட வேலை. காது மெஷின் வேண்டும் என்றால் தள்ளிப்போடாதீர்கள். அதே வாரத்தில் கண்ணையும் காட்டிவிடுங்கள். கண்புரையோடு ஷட்டில் ஆடினால் இறகு எங்கே வருகிறது என்று தெரியாமல் அண்ணாந்தே விழுவார்.

எது அவருக்குச் சரிவரும் என்பது அவர் பழைய வாழ்க்கையில் இருக்கிறது. இளவட்டத்தில் பூப்பந்து ஆடினாரா, வாலிபாலா, கேரமா, நாடகத்தில் வேஷம் கட்டினாரா, மார்கழி பஜனையில் சிங்கி போட்டாரா என்று கேளுங்கள். மாலையில் காபி கொடுத்துவிட்டுச் சாவகாசமாகக் கேளுங்கள், நீங்களே அறியாத ஒன்று வெளியே வரும். பாட்டு இருந்தால் பஜனைக் குழு, திருப்புகழ் குழு எதுவானாலும் நல்லது. சேர்ந்து பாடும்போது மூச்சை இழுத்து நீளமாக அளந்து விட வேண்டியிருக்கிறது. நெஞ்சுத் தசைகளுக்கும் குரலுக்கும் அது நல்ல வேலை. இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய 6,710 பேரைப் பதினான்கு ஆண்டு கவனித்த ஆய்வு, கச்சேரி, நாடகம், அருங்காட்சியகம் என்று சில மாதங்களுக்கு ஒருமுறையாவது போனவர்களிடம், போகாதவர்களைவிட இறப்பு 31 சதவீதம் குறைவு என்று 2019இல் சொன்னது. வசதி, படிப்பு, உடல்நிலை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. இதுவும் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுதான். ஆனாலும் கலை பொழுதுபோக்கு மட்டும்தானே என்று ஒதுக்க முடியாத அளவு இருக்கிறது.

கும்மிக்கு ஆடத்தான் போக வேண்டும் என்றில்லை. கால் ஒத்துழைக்காதவர்கள் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து பின்பாட்டு பாடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறார்கள், வருகைக் கணக்கு எழுதுகிறார்கள். ஷட்டிலிலும் அப்படித்தான், ஸ்கோர் சொல்லும் ஆளுக்கு மதிப்பு உண்டு. வெட்கப்படுகிறவருக்கு முதல் மாதம் இப்படி ஒரு பொறுப்பு கிடைத்தால் நல்லது. ஒன்று மட்டும், சில ஊர்களில் இன்னார்தான் வரிசையில் நிற்கலாம் என்ற மனப்பான்மை இருக்கிறது. அது எனக்கு மிகவும் வருத்தம் தருவது. யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் குழுவாகப் பாருங்கள். ஒதுக்கும் இடத்தில் எந்த மனுஷனுக்கும் மனம் தேறாது.

அனுப்புவதற்கு முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்ற பிறகு ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பிபி எடுங்கள். நின்றபோது மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிபி மாத்திரை மட்டுமல்ல, ப்ராஸ்டேட் தொல்லைக்காகத் தரும் சில மாத்திரைகளும் நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தால் இதய டாக்டர் பார்த்த பிறகுதான் எதுவும். சுகர் இருந்தால், கும்மிப் பயிற்சி இரவு எட்டு ஒன்பது மணிக்கு நடக்கிறது என்பதை மறக்காதீர்கள்: இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் ஆடினால் சுகர் சட்டென்று இறங்கும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலில் ஆட வேண்டாம். மென்மையான, பின்பட்டை வைத்த செருப்போ ஷூவோ போடட்டும், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்த்துக் கழுவட்டும்.

ஷட்டில் என்றால் ஒரு எச்சரிக்கை. முப்பது வருடம் கழித்துப் பேட்டைத் தொட்ட உற்சாகத்தில் முதல் நாளே ஓடிப் பாயும் ஆட்களின் குதிகால் நாண் அறுந்துவிடுவதுண்டு. பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்தது போல இருந்தது என்பார்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, முதல் மாதம் இரட்டையர் ஆட்டம் மட்டும், தலைக்கு மேலே போகும் இறகைப் பின்னால் ஓடித் துரத்தக் கூடாது. அதை விட்டுவிடச் சொல்லி அவரோடு ஆடுகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அப்பாவுக்குத் தூக்கம் கெட்டு, எடை குறைந்து, சாப்பாட்டில் விருப்பமில்லாமல், "இருந்து என்ன செய்யப் போகிறேன்" என்ற பேச்சு வந்தால் அது வெறும் துக்கம் இல்லை. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் உண்டு, வயதானவர்களிடமும் நன்றாக வேலை செய்கிறது. கும்மியோ ஷட்டிலோ அந்த மருத்துவத்துக்குத் துணை நிற்கும், அதன் இடத்தைப் பிடிக்காது.

வீட்டில் யாராவது "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, ஊர் சிரிக்கும்" என்று சொல்வார்கள். பெரும்பாலும் பெற்ற பிள்ளைகளேதான் சொல்கிறார்கள், என் முன்னாலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியம் ஒரு மனுஷனை ஆறு மாதத்துக்கு வீட்டில் உட்கார வைத்துவிடும். தயவுசெய்து உங்கள் வீட்டில் அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் நீங்களோ உங்கள் பிள்ளையோ கூடப் போங்கள். முடிந்தால் ஓரமாக உட்காராமல் வரிசையில் நில்லுங்கள். மூன்றாம் வாரம் உங்களுக்கு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

நாற்காலிப் பயிற்சி இதுதான். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது ஆணுக்கு 12க்குக் கீழே வந்தால் விழும் அபாயம் இருப்பதாக எடுத்துக்கொள்வோம். ஏழு எட்டு வந்தாலும் பதற வேண்டாம், அப்படித்தான் பலருக்கும் ஆரம்பிக்கிறது. அந்த எண்ணைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் இன்றைய தேதியில் எழுதுங்கள். வாரத்தில் மூன்று நாள், பத்துப் பத்தாக இரண்டு தடவை, பக்கத்தில் ஆள் நிற்க, அதையே பழகட்டும். பல் விளக்கும்போது வாஷ்பேசினைத் தொட்டுக்கொண்டு ஒரு காலில் பத்து நொடி நிற்கட்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணி, அதே நாள்காட்டியில் எழுதுங்கள். அப்பாவையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.